மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங்கோடு வெப்பத்தடுப்பும் சேர்த்துப் போடலாமா?

மேல்மாடிவாசி:
வணக்கம். பழைய வீட்டின் மேல்தளத்தில் இருக்கிறோம். மழைக்கு ஒழுகுவதால் மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங்கைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டே ஆக வேண்டும். அப்படியே கரன்ட் செலவையும் குறைக்கலாமே என்று விசாரித்தால் ஒருவர் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் என்கிறார், ஒருவர் புது ஏசி, இன்னொருவர் சோலார். எல்லாவற்றுக்கும் பணம் இல்லை. படுக்கையறை ஏசி ராத்திரி முழுக்க ஓடியும் அறை குளிர்வதே இல்லை. எதில் கை வைப்பது?

சாரக்கட்டு:
உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. மாடியை எப்படியும் பெயர்க்கப் போகிறீர்கள். ஆட்கூலி, இடிபாடு அகற்றுவது, மேலே ஓடு பதிப்பது எல்லாம் ஒழுகலுக்காகவே ஆகும் செலவு. வெப்பத்தடுப்புக் கணக்கில் வருவது அட்டையின் விலையும் அதைப் பரப்பும் கூலியும்தான். இதே வேலையை நான்கு வருடம் கழித்துத் தனியாகச் செய்தால் முழுச் செலவும் அதன் தலையில் விழும், போட்ட காசு திரும்பாது.

15 செ.மீ. கான்கிரீட் வெப்பத்தை அநேகமாகத் தடுப்பதே இல்லை. பகலில் வாங்கிய சூட்டைப் பல மணி நேரம் கழித்து உள்ளே விடும். உங்கள் ஏசி ராத்திரியில் திணறுவது அதனால்தான். அதன்மேல் 5 செ.மீ. எக்ஸ்பிஎஸ் அட்டை (கெட்டியான பாலிஸ்டைரீன் நுரைப் பலகை) போட்டால் கூரை வழியாக இறங்கும் வெப்பம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். இன்னொரு 5 செ.மீ. சேர்த்தால்? மிச்சமிருக்கும் அந்த ஒரு பங்கில்தான் பாதி குறையும். பத்து செ.மீ. போடச் சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

எக்ஸ்பிஎஸ் தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது. அதனால் வாட்டர்ப்ரூஃபிங்குக்கு மேலேயே பரப்பலாம். அடியில் இருக்கும் வாட்டர்ப்ரூஃபிங் வெயிலில் விரிந்து சுருங்குவதும் குறைந்து கூடுதல் காலம் உழைக்கும். மேல் ஓடு வெள்ளையாக இருக்கட்டும்.

ஏசியை இப்போது தொடாதீர்கள். சூடு குறைந்தபின் ஒன்றரை டன் இடத்தில் ஒரு டன்னே போதும் என்றாகலாம். மோசமான வீட்டின் அளவுக்கு மெஷின் வாங்குவதுதான் பெரிய வீண்செலவு. சோலாரும் அப்படித்தான், முதலில் தேவை குறையட்டும்.

தென்றல்:
சாரக்கட்டு சொல்வதில் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். ஏசி இல்லாத அறைக்கு மேல் அட்டை போட்டால் பகல் சூடு வராது, சரி. ஆனால் ராத்திரியில் கூரை வழியாக வெளியேற வேண்டிய சூடும் தங்கிவிடும். அங்கே வெள்ளைப் பூச்சு மட்டும் அடித்து, ராத்திரி ஜன்னலைத் திறந்து வைப்பது மலிவு. பூச்சில் அழுக்குப் படிந்தால் பலன் குறையும், கோடைக்கு முன் கழுவிவிட வேண்டும்.

சாரக்கட்டு:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவர் கேட்டது ஏசி ஓடும் அறையைப் பற்றி.

மேல்மாடிவாசி:
அப்போது ஜன்னலை விட்டுவிடலாமா? மேற்கு வெயில் நேராக விழுகிறது.

சாரக்கட்டு:
விட வேண்டாம், ஆனால் இரட்டைக் கண்ணாடி அதற்கு மருந்து இல்லை. சாதா இரட்டைக் கண்ணாடி நேர் வெயிலில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். உள்பக்கத் திரையும் தாமதம், சூடு அதற்குள் அறைக்கு வந்தாகிவிட்டது. மாலை வெயில் தாழ்வாக வரும், சன்ஷேடும் போதாது. வெளிப்பக்கம் செங்குத்தாகத் தட்டியோ சுருட்டும் திரையோ கட்டுங்கள். அப்புறம் ஒரு காகிதத்தை வைத்து ஜன்னலைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். லேசாக வந்துவிட்டால் காற்று புகும் இடுக்கு இருக்கிறது, ரப்பர் பட்டை ஒட்டுங்கள், இவ்வளவு சின்னச் செலவில் இதுபோலப் பலன் வேறில்லை. பழைய ஃபேன் சுமார் 75 வாட், கரன்ட் மிச்சப்படுத்தும் பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட். அதிக நேரம் ஓடுவதை மட்டும் மாற்றினால் போதும்.

ஒப்பந்தக்காரரிடம் ஒன்றை மட்டும் விடாதீர்கள். அட்டை பரப்பும் முன் வாட்டர்ப்ரூஃபிங் மேல் தண்ணீரைத் தேக்கி இரண்டு நாள் வைத்து, கீழே கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓடு பதித்தபின் ஒழுகினால் எந்த இடம் என்று கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும்.