புதுப்பிப்பு: ஊட்டி வீட்டுக்கு ஹீட்டிங் கேபிள்

தலைக்குந்தா பக்கம் எங்கள் தகரக் கூரைக்கும் அதன் ஓரத்து மழைநீர்த் தகரத்துக்கும் உறைபனிக்காக ஹீட்டிங் கேபிள் (மின்சாரத்தில் சூடாகும் கம்பி) போடலாமா என்று போன டிசம்பரில் கேட்டிருந்தேன். கூரைக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம்.

கனடா மாதிரி ஊர்களில் கூரைமேல் பனி குவிகிறது. வீட்டுச் சூட்டில் அடிப்பனி உருகி வழிந்து, குளிர்ந்த விளிம்புக்கு வந்ததும் மறுபடி உறைந்து அணை கட்டிவிடும். பின்னால் தேங்கும் தண்ணீர் வீட்டுக்குள் இறங்கும். அந்தத் தண்ணீருக்கு வழி விடத்தான் விளிம்பில் கேபிளை வளைத்து வளைத்து ஓட்டுகிறார்கள். நமக்கு விழுவதோ மெல்லிய வெள்ளைப் பூச்சு. வெயில் ஏறினால் சொட்டி முடிந்துவிடும்.

உறைந்து உயிரை வாங்குவது வெளிக்குழாய்தான். அதற்கு மட்டும் வாங்கினோம், தானே சூட்டைக் குறைத்துக்கொள்ளும் ரகம். இரண்டு கம்பிக்கு நடுவே கரி கலந்த பிளாஸ்டிக் இருக்கும். குளிர்ந்தால் மின்சாரம் கூடுதலாகப் பாயும், சூடானால் குறையும். குழாயோடு சேர்த்து அலுமினிய டேப் ஒட்டி, மேலே ஃபோம் சுற்றியிருக்கிறோம். ஈரத்தில் கிடக்கும் கேபிள் என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் தயவுசெய்து யாரும் போடாதீர்கள். இப்போது விடியற்காலையிலும் தண்ணீர் வருகிறது. அம்மா கெட்டிலோடு வெளியே போய் வெந்நீர் ஊற்ற வேண்டியதில்லை.