எல் போர்டு மாட்டிய வண்டியில் உங்கள் பக்கத்து சீட்டில் யார்?

எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) வைத்துக்கொண்டு வீட்டு வண்டியில் பழகியவர்கள், இப்போது பழகிக்கொண்டிருப்பவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள். நான் திருச்சி. என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து வகுப்பெல்லாம் ஒழுங்காக முடித்தேன். ஆனால் அந்த வண்டியில் மாஸ்டர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். நான் கிளட்சைப் படக்கென்று விட்டாலும் அவர் அந்தப் பக்கம் மிதித்துச் சமாளித்துவிடுவார். வண்டி ஆஃப் ஆகவே ஆகாது. நமக்கு ஓட்ட வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு வேகன்ஆரில் ஏறி உட்கார்ந்த அன்றைக்கே அந்த நினைப்பு போய்விட்டது.

எல்எல்ஆர் வாங்கி 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும். எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். அந்த இடைவெளியில்தான் வீட்டு ஆட்கள் மாஸ்டர் ஆகிறார்கள்.

முதலில் என் கணவர். நல்ல மனுஷன், நன்றாக ஓட்டுவார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் மட்டும் வேறு ஆள். பிளாட் போட்டு விற்றும் இன்னும் யாரும் வீடு கட்டாத ஒரு லேஅவுட்டில்தான் பழகினோம். அங்கே தூரத்தில் ஒரு ஆடு நின்றாலும் "பிரேக், பிரேக், பிரேக்!" என்பார். சொல்லும்போதே அவருடைய வலது கால் தரையை மிதிக்கும். அங்கே பிரேக் ஏது? ரப்பர் மேட்தான் கிடக்கிறது. அவர் மிதிக்கிற மிதியில் அது சுருண்டு டேஷ்போர்டுக்குக் கீழே மடிந்து நிற்கும். வீட்டு வாசலில் இறங்கியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி அதைத் தட்டி நேராக விரித்துப் போடுவார். தினமும் இது நடக்கும்.

இன்னொன்று, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைத் திருப்பம் தாண்டிய பிறகுதான் சொல்வார். அவர் கைக்கு அது பழகின பாதை, சொல்ல வேண்டும் என்றே தோன்றாது போலிருக்கிறது.

ஒரு சாயங்காலம் ஒரு பையன் ராங் சைடில் பைக்கில் வந்தான். நான் பிரேக்கில் கால் வைத்துவிட்டேன், வண்டி நிற்கப்போகிறது. அதற்குள் இவர் வாயே திறக்காமல் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டார். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், ஆஃப் ஆகி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பையன் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். அன்றைக்கு ராத்திரி வீட்டில் நடந்த பேச்சுவார்த்தையை இங்கே எழுத முடியாது.

அடுத்த வாரத்திலிருந்து மாமனார். அரசு பஸ் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர். வண்டியை எடுக்கும் முன்பே ஒப்பந்தம் போட்டார். "விடுன்னு சொன்னா ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடு. நில்லுன்னா பிரேக். இந்த ரெண்டு வார்த்தையைத் தவிர நான் அவசரமா எதுவும் சொல்ல மாட்டேன். ஹேண்ட்பிரேக்கைத் தொடுறதுன்னா நில்லுன்னு சொல்லிட்டுத்தான் தொடுவேன், சரியா?" ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும், வேகத்தில் வெடுக்கென்று இழுத்தால் வண்டியின் பின்பக்கம் வழுக்கும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நுனிப் பட்டனைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக் காட்டினார். பட்டன் அழுந்தி இருந்தால் எந்த நொடியிலும் இறக்கிவிடலாம்.

அப்புறம் அவர் பேசியதெல்லாம் கேள்விகள். "ஏம்மா, கண்ணாடியில பின்னால என்ன தெரியுது?" "முன்னாடி போற டிவிஎஸ் ஃபிஃப்டிக்காரர் என்ன பண்ணப் போறாரு?" அவர் பாட்டுக்கு நேராகப் போகிறார், இண்டிகேட்டர் எதுவும் இல்லை என்றேன். "காலைப் பாரு. வலது கால் கீழ எறங்குது பாத்தியா? திரும்பப் போறாரு." அப்படியே திரும்பினார், பின்னால் காய்கறி மூட்டையோடு. அன்றைக்கிலிருந்து நான் ரோட்டில் எல்லார் காலையும் பார்க்கிறேன்.

மேட்டில் நிறுத்தி எடுப்பதை உய்யக்கொண்டான் வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் விடியற்காலையில் பழக்கினார். ஹேண்ட்பிரேக் போட்டு, ஃபர்ஸ்ட் கியரில் கிளட்சை மெதுவாக விட்டுக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கனத்து, பானெட் லேசாக மேலே எழும்பும். "அந்த இடந்தான். அங்கேயே காலை நிறுத்து. இப்ப ஹேண்ட்பிரேக்கை இறக்கு." கிளட்சைப் பாதியில் பிடிக்கிற இதைத்தான் ஸ்கூலில் ஹாஃப் கிளட்ச், ஹாஃப் கிளட்ச் என்று ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். காலுக்குப் புரிந்தது அந்தப் பாலத்தில்தான்.

டெஸ்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்தார், எடு என்றார், நிறுத்து என்றார், ரிவர்ஸ் போகச் சொன்னார், கையெழுத்துப் போட்டார். மூன்றாவது கியர் வரைக்கும்கூடப் போகவில்லை. அதற்கு இவ்வளவு பாடா என்று கேட்காதீர்கள். பாடெல்லாம் அதற்கடுத்த நாள் தனியாக பஸ் ஸ்டாண்ட் பக்கம் போவதற்கு.

* * *

ஈரோடுங்க. டிரைவிங் ஸ்கூல்தான் நடத்தறேன். மேல எழுதின அம்மாவோட மாமனார் நம்பர் இருந்தா குடுங்க, வேலைக்கு வெச்சுக்கறேன்.

வீட்டு வண்டில பழகறது வேண்டாம்னு நாங்க சொல்றதே இல்லீங்க. எங்ககிட்ட வர்றவங்க ஒரு நாளைக்கு அரை மணி நேரம் ஓட்டறாங்க, அதுல பாதி சிக்னல்ல போயிருது. ரோட்டுல ஓடி ஓடித்தான் கை படியும், அதுக்கு வீடுதான் வேணும். ஆனா கிளட்ச், கியர், பிரேக்கெல்லாம் கால் பழகற வரைக்கும் ரெட்டைப் பெடல் வண்டியை விட்டு எறங்காதீங்க.

பக்கத்துல உக்கார்றவங்களுக்கு ஒண்ணு சொல்றனுங்க. முதல்ல சீட்டைச் சரி பண்ணிக் குடுங்க. மாப்பிள்ளை ஆறடி, பொண்ணு அஞ்சடி. அவரு ஓட்டின சீட்டுலயே அந்தப் பொண்ணை உக்கார வெச்சு, கிளட்சை நுனிக்கால்ல தேடவிட்டு, அப்புறம் "உனக்கு வராது"ன்னு திட்டறாங்க. கிளட்சை முழுசா மிதிச்ச பொறவும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கோணும். கண்ணாடி மூணையும் அவங்க உசரத்துக்குத் திருப்போணும்.

பின் சீட்டுல ஆள் ஏத்தாதீங்க. முக்கியமா மாமியாரை.

எல் போர்டு விஷயத்துக்கு வர்றேன். நோட்டுப் பேப்பர்ல ஸ்கெட்ச் பேனாவுல எழுதி உள்பக்கம் ஒட்டிட்டு வர்றாங்க, பத்தடி தள்ளிப் போனா ஒண்ணும் தெரியாது. 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிலயே அளவு குடுத்திருக்குதுங்க. அட்டை 18 சென்டிமீட்டர் சதுரம், வெள்ளைல சிவப்பு எழுத்து, எழுத்து உசரம் 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. போலீஸுக்காகச் சொல்லலீங்க. பின்னாடி வர்ற லாரிக்காரன் அதைப் பார்த்துட்டு ஹாரனை அமுக்காம இருந்தாப் போதும், பழகற புள்ளைக்குப் பாதி பயம் போயிரும்.

டெஸ்டுல பெயிலானா அழுகாதீங்க. 7 நாள் கழிச்சு மறுபடி போலாம். மூணு தடவை பெயிலானாத்தான் 60 நாள் காத்திருக்கோணும். அந்த அளவுக்குப் போறவங்க எங்ககிட்டக் குறைவுதானுங்க, ஆனா இல்லாம இல்லை.

* * *

நான் ஸ்காபரோ, கனடா. இஞ்ச உங்களை மாதிரி ஒரு மாசத்தில முடியிற அலுவல் இல்லை. எழுத்துச் சோதனை பாஸ் பண்ணி ஜி1 எண்ட பழகுற லைசென்ஸ் எடுத்தால், பிறகு அடுத்த படியான ஜி2 ரோட் ரெஸ்றுக்கு 12 மாசம் பொறுக்கவேணும், அங்கீகாரமுள்ள கோர்ஸ் செய்தால் 8 மாசம். அதுவரைக்கும் பக்கத்தில நாலு வருச அனுபவமுள்ள, முழு லைசென்ஸ் வைச்சிருக்கிற ஒராள் இருக்கவேணும். 401 மாதிரிப் பெரிய ஹைவேயில ஏறக்கூடாது. நடுச்சாமம் தொடக்கம் விடிய அஞ்சு மணி வரைக்கும் ஓடவும் கூடாது. ஆகத் தகப்பனும் மகளுமா ஒரு பனிக்காலம் முழுக்க ஒரே காருக்குள்ள.

எனக்கு அப்பாதான் ஓடப் பழக்கினவர். கோபப்படுற ஆள் இல்லை. பிரச்சினை வேற. கோர்ஸில ஒண்டு சொல்லித் தருவினம், அப்பா வேற ஒண்டு சொல்லுவார். ஸ்டொப் சைனில நான் சில்லு முழுக்க நிக்கிற மாதிரி நிப்பாட்டி, ரெண்டு பக்கமும் பாத்து எடுப்பன். "ஒருத்தரும் வரேல்லத்தானே பிள்ளை, போவன்" எண்டு சொல்லுவார். அவர் ஓடேக்க ஸ்டொப் சைன் எண்டது கொஞ்சம் வேகத்தைக் குறைக்கிற இடம். கனகாலமா அப்பிடித்தான் ஓடுறார், ஒரு டிக்கெற்றும் வாங்கினதில்லை. அதால தான் சரி எண்டு அவருக்கு முழு நம்பிக்கை.

நான் வாய் காட்டேல்லை. மாகாண அரசின்ர டிரைவர் ஹாண்ட்புக்கை எடுத்துக்கொண்டுபோய், "அப்பா, எனக்கு இதில கேள்வி கேளுங்கோ, சோதனைக்குப் பாடமாக்கவேணும்" எண்டு குடுத்தன். அவர் கேள்வி கேக்கிறதுக்காகத் தானே வாசிக்கத் தொடங்கினார். ஸ்கூல் பஸ்ஸில சிவப்பு லைற் மின்னிக்கொண்டிருந்தால் நடுவில திட்டு இல்லாத ரோட்டில எதிர்ப்பக்கம் வாற கார்களும் நிக்கவேணும் எண்ட பக்கத்தில கொஞ்சநேரம் நிண்டிட்டார். ஒண்டும் சொல்லேல்லை. ஆனா அடுத்த நாள் நான் ஸ்டொப் சைனில நிக்கேக்க "போவன்" எண்டு சொல்லவும் இல்லை.

பரலல் பார்க்கிங்குக்கு அப்பா செய்த வேலையைச் சொல்லத்தான் வேணும். வீட்டில இருக்கிற ரெண்டு நீலக் குப்பைத் தொட்டியை, மறுசுழற்சிக்கு வைக்கிறது, காரின்ர டிரங்கில ஏத்திக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை விடிய ஒரு வெறும் பார்க்கிங் லொட்டுக்குக் கொண்டுபோனார். கண்ணாடியில தெரியவேணும் எண்டு ஒவ்வொண்டுக்குள்ளயும் வீடு கூட்டுற ஒரு தும்புத்தடியை நிமித்தி வைச்சார். நான் பின்னுக்கு எடுக்க, அவர் ஸ்நோவில நிண்டு கையால சைகை காட்டினார். முதல் கிழமை தும்புத்தடிகள் கனக்க விழுந்தது. அவர் ஓடிப்போய் நிமித்திப்போட்டுத் திரும்ப அதே இடத்தில வந்து நிப்பார். உடைஞ்ச ஒரு தும்புத்தடிக்கு அம்மாட்ட ஏச்சு வாங்கினதும் அவர்தான்.

ரெஸ்றில பரலல் பார்க்கிங் ஒரே தரத்தில சரிவந்தது. லேன் மாறேக்க தோள் திருப்பிப் பாக்கேல்லை எண்டு புள்ளி வெட்டினவை. அது அப்பா பழக்கின இடமும் இல்லை, கோர்ஸில சொல்லாததும் இல்லை, நான்தான்.

* * *

தாம்பரம். எல்லாரும் கத்துக்கிறவங்க பேப்பரைப் பத்தியே பேசுறீங்க. பக்கத்துல உட்கார்றவரோட லைசென்ஸை ஒரு தடவை வாங்கிப் பாருங்க. அதுக்காகத்தான் எழுதுறேன்.

எனக்கு எல்எல்ஆர் இருந்துச்சு, எல் போர்டு இருந்துச்சு, பக்கத்துல அப்பா இருந்தார். செக்கிங்ல ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். என்னோடதை மொபைல்ல காட்டினேன், சரின்னார். "சார் உங்களோடது?" அப்பா பர்ஸ்லேருந்து எடுத்துக் குடுத்தார், ரொம்பப் பெருமையா. அது காலாவதியாகி மாசக்கணக்குல ஆகுது. அம்பத்தஞ்சு வயசு தாண்டினவங்களுக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், அப்பாவுக்கு அது ஞாபகமே இல்லை.

பக்கத்துல செல்லுபடியாகிற லைசென்ஸ்காரர் இல்லைன்னா என் எல்எல்ஆருக்கும் அங்க அர்த்தம் இல்லை. 2019 திருத்தத்துக்கு அப்புறம் லைசென்ஸ் இல்லாம ஓட்டினா 5,000 ரூபாய். அந்தப் போலீஸ்காரர் நல்லவர், அபராதம் போடலை. "வண்டியை ஓரமா நிறுத்துங்க, லைசென்ஸ் இருக்கிற யாரையாவது வரச் சொல்லுங்க, அதுவரைக்கும் எடுக்காதீங்க"ன்னார். அண்ணி ஷேர் ஆட்டோ பிடிச்சு வந்து வண்டியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. அப்பா வழி நெடுக ஒரு வார்த்தை பேசலை.

இன்ஷூரன்ஸ் பத்தி நிறையப் பேர் பயப்படுவாங்க, அதையும் சொல்லிடறேன். எல்எல்ஆர் வச்சிருக்கிறவரையும் முறைப்படி லைசென்ஸ் உள்ளவராத்தான் பார்க்கணும்னு 2004ல ஸ்வரன் சிங் வழக்குல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. அதுக்காக விதியை மீறி ஓட்டிட்டுக் கிளெய்ம் கேட்டா கம்பெனிக்காரங்க சும்மா விடுவாங்கன்னு நினைக்காதீங்க. அதே மாதிரி பக்கத்துல உட்கார்றவர்கிட்ட கார் ஓட்டுற லைசென்ஸ் இருக்கணும், டூவீலர் லைசென்ஸ் மட்டும் வச்சிருக்கிற சித்தப்பா ஆகாது.

அப்பாவுக்குக் காலாவதியாகி ஒரு வருஷம் ஆகலை, அதனால மறுபடி டெஸ்ட் வேண்டியிருக்கலை. டாக்டர் சர்டிஃபிகேட் மட்டும் வாங்கினார். அதுக்குக் கண்ணைக் காட்டப் போனா, கண்ணாடி பவரை மாத்தணும்னு சொல்லிட்டாங்க. அது வர்ற வரைக்கும் எனக்குப் பக்கத்துல அண்ணிதான். அண்ணி கத்தவே மாட்டாங்க. ஒவ்வொரு பேரிகேடுக்கும் "முருகா"ன்னு மட்டும் சொல்வாங்க.