புதுப்பிப்பு: ஏர் ரைபிளில் 50 மீட்டர்?

பள்ளி அணியில் 10 மீட்டர் சுடும் என் மகள், அதே ஏர் ரைபிளால் 50 மீட்டரில் குறி தவறாமல் சுட முடியுமா என்று கேட்டதை முன்பு எழுதியிருந்தேன். பயிற்சியாளரிடம் விசாரித்தாயிற்று. குண்டு போய்ச் சேரும், குறி நிற்காது.

அதன் 4.5 மில்லிமீட்டர் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) வினாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில்தான் கிளம்புகிறது. அதன் தலை தட்டை. தாளில் சுத்தமாக வட்ட ஓட்டை விழ அதுதான் வேண்டும், ஆனால் பேட்மிண்டன் பந்து மாதிரி சீக்கிரமே வேகம் இழக்கும். 50 மீட்டருக்குள் அரை மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிடும். சரி, இறக்கத்தைக் கணக்குப் போட்டுச் சமாளிக்கலாம். பக்கவாட்டுக் காற்றை என்ன செய்வது? பிரிட்டனில் ஃபீல்டு டார்கெட் என்ற வெளிப்புற ஏர் ரைபிள் போட்டியில் 55 கெஜம்வரை (சுமார் 50 மீட்டர்) சுடுகிறார்கள்தான், ஆனால் உருண்டைத் தலை குண்டு, தொலைநோக்கி, சில சென்டிமீட்டர் அகல இலக்கு. இவள் குறிவைக்கும் பத்துப் புள்ளி வட்டமோ அரை மில்லிமீட்டர்!

50 மீட்டர்தான் ஆசையென்றால், அப்புறம் .22 ஸ்மால்போருக்கு (வெடிமருந்துத் தோட்டா போடும் ரைபிள்) மாறலாம் என்றார் பயிற்சியாளர்.