புதுப்பிப்பு: கியூஎஃப்என் ஐசியின் ஓரத்தில் சால்டர் ஏறாத போர்டுகள்

ஈயமில்லா சால்டரில் ரீஃப்ளோ ஆகி (சால்டர் பேஸ்டை அடுப்பில் உருக்கிப் பாகங்களை ஒட்டும் முறை) வந்த போர்டுகளில் கியூஎஃப்என் ஐசியின் (வெளியே நீளும் கால்கள் இல்லாமல் அடியில் இணைப்புகள் கொண்ட சிப்) பக்கவாட்டில் ஃபில்லட் (ஓரத்தில் சால்டர் ஏறி நிற்கும் சரிவு) இல்லை, இணைப்புகளும் மங்கலாக இருக்கின்றன, ஒதுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. அடியில் சால்டர் நன்றாகப் பரவியிருக்கிறது. பேக்கேஜை ரம்பத்தால் அறுத்துப் பிரிக்கும்போது பக்கவாட்டில் பூச்சில்லாத செம்பு வெளியே வந்து ஆக்சைடு பிடிக்கிறது. சால்டர் அங்கே ஏறாதது அதனால்தான். அந்த முகத்தில் ஃபில்லட் வேண்டும் என்று ஐபிசி-ஏ-610 (போர்டுகளை ஏற்கலாமா என்று சொல்லும் தர விதிநூல்) கட்டாயப்படுத்துவதில்லை. மங்கல் தோற்றமும் நாங்கள் பயன்படுத்தும் ஈயமில்லா சால்டரான எஸ்ஏசி305 கலவைக்கு (வெள்ளீயம், வெள்ளி, செம்பு) இயல்பு. அதைப் பார்த்து யாரும் டச்-அப் (மறுபடி சால்டர் வைப்பது) செய்துவிடாதீர்கள், வீணாகச் சூடேற்றினால் பேட் (போர்டில் பாகம் ஒட்டும் செம்புத் திட்டு) பெயர்ந்துவிடலாம்.

சிப் கெப்பாசிட்டர்கள் எல்லாம் தேறின. அதே விதிநூலின் மிகக் கடுமையான பிரிவான கிளாஸ் 3-க்கு ஃபில்லட்டின் குறைந்தபட்ச உயரம், சால்டர் தடிமனோடு பாகத்தின் உலோக முனை உயரத்தில் 25 சதவீதம் அல்லது 0.5 மிமீ, எது குறைவோ அது.

அப்புறம், உண்மையான கோளாறு வேறிடத்தில் இருந்தது. பக்கத்து கல்-விங் ஐசியின் (கடற்பறவையின் இறக்கைபோல் வளைந்த கால்கள் கொண்ட சிப்) மூலைக் காலில் குதிகால் ஃபில்லட்டே (கால் வளைந்து மேலேறும் பின்பக்கத்தில் இருக்க வேண்டிய சால்டர்) இல்லை. இழுவையை அதிகம் தாங்குவது அந்த இடம், அதை விடவே கூடாது. ஃப்ளக்ஸ் (ஆக்சைடை நீக்கிச் சால்டரை ஒட்டவைக்கும் பொருள்) இட்டுச் சரிசெய்தேன். கால் லேசாகத் தூக்கியிருந்ததா, பேஸ்ட் குறைவா என்று இப்போது ஸ்டென்சிலை (பேஸ்டைப் போர்டில் இட உதவும் துளையிட்ட தகடு) பார்த்துக்கொண்டிருக்கிறேன்.