முன்சக்கரத்தில் சத்தம்: எதை இப்போது மாற்றுவது, எதை விடுவது?

செல்வி: சித்தப்பா, காரை மெக்கானிக்கிடம் காட்டினேன். முன்பக்க ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், லிங்க் ராட் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார். வண்டிக்கு 14 வயது. மொத்தமாக மாற்றிவிடவா?

அப்பா: நன்றாக ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்க வேண்டும்? சத்தம்தானே, கொஞ்ச நாள் போகட்டும்.

சித்தப்பா: சத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது அண்ணா. லிங்க் ராட் என்பது வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை இணைக்கிற சின்னத் தண்டு; அது தேய்ந்தால் லொடலொடவென்று ஊரைக் கூட்டும், ஆனால் உடனே ஆபத்து இல்லை. லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்திருக்கும் கை; அதன் சக்கர முனையில் இருக்கும் உருண்டை மூட்டுதான் பால் ஜாயின்ட். அது சில நேரம் சத்தமே காட்டாது. அது கழன்றால் சக்கரம் மடங்கி வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும். செல்வி, எப்போது என்ன சத்தம் வருகிறது?

செல்வி: சின்ன மேடு பள்ளத்தில் லொடலொட. பிரேக் பிடித்தால் ஒரே ஒரு ‘டொக்’. ஸ்டேரிங் திருப்பும்போது ஒன்றும் இல்லை.

சித்தப்பா: லொடலொட அநேகமாக லிங்க் ராட். பிரேக்கில் டொக் என்றால் எனக்கு லோயர் ஆர்ம் புஷ் மேல்தான் சந்தேகம், அதாவது ஆர்மை அடிச்சட்டத்தில் மாட்டும் இடத்தில் இருக்கும் ரப்பர். ரப்பர் கிழிந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது ஆர்ம் நகர்ந்து இடிக்கும். மேலே வெடிப்பு மட்டும் தெரிந்தால் பொறுக்கலாம், இரும்பை விட்டு ரப்பர் பிரிந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

அத்தை: நான் முன்சீட்டில் வந்தேனே, வேகத்தடை தாண்டிய பிறகும் வண்டி தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது.

சித்தப்பா: அது ஷாக்தான் அக்கா, ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிற எண்ணெய்க் குழாய். செல்வி, ஷாக்கைப் படம் எடுத்துப் போடு.

செல்வி: (படம்) இது இடது பக்கம். வலது பக்கம் காய்ந்துதான் இருக்கிறது.

சித்தப்பா: எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ‘சீல்’ வளையத்தைச் சுற்றி லேசான ஈரம் என்றால் விட்டுவிடலாம். இதில் எண்ணெய் அடி வரை வழிந்து தூசி அப்பியிருக்கிறது. சீல் போய்விட்டது. இனி இது துள்ளலை அடக்காது. கரடுமுரடான சாலையில் டயர் தரையை விட்டு எழும்பும், பிரேக் பிடித்தால் வண்டி நிற்கிற தூரமும் கூடும். டயரில் அங்கங்கே குழி விழுந்த மாதிரி தேய்ந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்.

அப்பா: வலது பக்கம் சரியாக இருந்தால் இடதை மட்டும் மாற்றலாமே?

சித்தப்பா: ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தளர்வு என்றால் வளைவிலும் பிரேக்கிலும் வண்டி ஒரே மாதிரி நடக்காது அண்ணா. முன்பக்கம் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பின்பக்கம் நன்றாக இருந்தால் தொட வேண்டாம்.

செல்வி: ஷாக்கை 80,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்கிறார்களே?

சித்தப்பா: அதை மாற்றுகிற கணக்காக எடுக்காதே, சோதிக்க ஆரம்பிக்கிற கணக்காக வைத்துக்கொள். சாலையும் சுமையும்தான் ஆயுளைத் தீர்மானிக்கும். ஓடாமல் நிற்கிற வண்டியிலும் ரப்பர் வயதாகி வெடிக்கும்.

சித்தப்பா: முக்கியமானது இனிமேல்தான். மெக்கானிக்கை வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தச் சொல். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அவர் ஆட்டட்டும், நீ பிரேக்கை மிதித்துக்கொள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் சக்கரத்தைச் சுழலவிடும் வீல் பேரிங். மிதித்தும் ஆடினால் பால் ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும். இடமும் வலமுமாக ஆட்டினால் ஆடுகிறதா? அப்படியென்றால் அநேகமாக ஸ்டேரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட்.

செல்வி: பார்த்தாயிற்று சித்தப்பா. இடது சக்கரம் மேலும் கீழும் ஆடுகிறது, பிரேக் மிதித்தும் நிற்கவில்லை. பால் ஜாயின்ட்டில் விரலை வைத்தால் அசைவது தெரிகிறது. டை ராட் இறுக்கமாக இருக்கிறது.

சித்தப்பா: அப்படியென்றால் வண்டியை வெளியே எடுக்காதே, அங்கேயே இருக்கட்டும்.

அப்பா: அடுத்த வருடம் விற்கப்போகிற வண்டி தம்பி. இவ்வளவு செய்ய வேண்டுமா?

சித்தப்பா: விற்கிற நாள் வரைக்கும் நம் பிள்ளைதானே அண்ணா அதை ஓட்டுகிறாள். பால் ஜாயின்ட்டில் தவணை சொல்லக் கூடாது. நிறைய வண்டிகளில் அது ஆர்மோடு சேர்ந்தே வரும், புஷ்ஷும் அதிலேயே வந்துவிடும். ஷாக்கை ஒரு மாதம் தள்ளலாம்தான், ஆனால் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டை இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.

அத்தை: எல்லாம் ஒரே தடவையில் முடியட்டும் அண்ணா.

சித்தப்பா: ஷாக்கைக் கழற்றும்போது அதை வண்டியில் பிடிக்கும் மேல் மவுண்ட், பெரிய பள்ளத்தில் இடிக்காமல் தாங்கும் பம்ப் ஸ்டாப், தூசி உறை மூன்றையும் பார்த்து, போனதை மாற்றச் சொல். பிறகு அதற்கென்று தனியாக ஒரு முறை பிரிக்க வேண்டாம். லிங்க் ராட்டும் அப்போதே போகட்டும். ஸ்பிரிங்கில் அடிச்சுற்று உடைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும், உடையாத ஸ்பிரிங்கை மாற்ற வேண்டாம்.

சித்தப்பா: இன்னொன்று. ஆர்ம் புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். புது புஷ் சீக்கிரம் போவதற்குப் பல இடங்களில் இதுதான் காரணம்.

செல்வி: கேட்டேன். அப்படித்தான் செய்வேன் என்றார். முடிந்ததும் அலைன்மென்ட் போடச் சொல்லிவிட்டேன்.

அப்பா: சரி, செய்யச் சொல். கழற்றிய பழைய ஆர்மைக் கேட்டு வாங்கி வா, அந்த ஆட்டத்தை நானும் பார்க்கிறேன்.