அப்பா கைக்கு ஒரு காப்பு

எங்க வீட்டு குரூப் (சுங்கை சிப்புட், மலேசியா)

*சனிக்கிழமை*

அத்தை, 7:02
அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்கு? நேத்து நடந்தது எனக்கு இப்பத்தான் தெரியுது. பினாங்குல இருக்கிறவளுக்கு யாரும் சொல்லிறாதீங்க.

நான், 7:10
நல்லா இருக்காரு அத்தை. பசியாறிட்டு கோழிக்குத் தீனி போட்டுக்கிட்டு இருக்காரு. ராத்திரி எல்லாருக்கும் சொல்ல நேரமில்ல, கோவிச்சுக்காதீங்க.
வெள்ளிக்கிழமைல்ல, கோயிலுக்குக் கிளம்பும்போதே இன்சுலின் ஊசி போட்டுக்கிட்டாரு. அன்னதானத்துல சாப்பிட்டுக்கலாம்னு கணக்கு. பூசை முடிய எட்டரை ஆச்சு. பந்திக்கு நிக்காம வீட்டுக்கே வந்துறலாம்னு மோட்டார எடுத்திருக்காரு. பழைய ஸ்டோர்கிட்ட வரும்போது கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, வண்டிய நிறுத்திட்டு ரோட்டோரமா உக்காந்துட்டாரு.

அம்மா, 7:13
ஊசி போட்டா அரை மணி நேரத்துல சாப்பிடணும்னு தொண்ட கிழியக் கத்துறேன். என் பேச்ச யாரு கேக்குறா.

நான், 7:15
பர்கர் கடை பக்சிக்தான், அந்த மலாய்க்காரப் பெரியவரு, பாத்துட்டு சீனி அள்ளிப் போட்டு தே ஓ, பால் இல்லாத டீ, குடுத்திருக்காரு. அவரு சம்சாரத்துக்கும் கென்சிங் மானிஸாம், சுகர் வியாதி, அதான் புரிஞ்சிருக்கு. அதக் குடிச்ச பிறகு நான் போய் விரல்ல குத்தி சுகர் பாத்தேன், அப்பவே 3.1தான்.

அக்கா, 7:31
டூட்டி முடிஞ்சு இப்பத்தான் வந்தேன். நாலுக்குக் கீழ போனாலே ஆபத்து. பக்சிக் பாக்கலேன்னா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா கை உதறுது.
அப்பா கையில ஒரு காப்பு போடணும். நகைக் காப்பு இல்ல. இன்சுலின் போடுறவரு, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவருன்னு பொறிச்ச காப்பு. போன வருஷமே சொன்னேன்.

தம்பி, 8:20
அதான் போன்லயே இருக்கேக்கா. பூட்டியிருந்தாலும் அவசரத் தகவல் திறந்து பாக்கலாம். நான்தான் அப்பா போன்ல போட்டு வெச்சேன்.

நான், 8:22
போன் மோட்டார் கூடையில கெடந்துச்சு தம்பி. பேட்டரி செத்து.

மாமா, 8:40
ஐசியில, அடையாள கார்டுல, சிப்பு இருக்குல்ல?

அக்கா, 8:44
ரோட்டுல நின்னு சிப்ப யாரு மாமா படிப்பா? ஐசி பர்ஸ்ல, பர்ஸ் சீட்டுக்கு அடியில, சாவி எங்கயோ. கை மட்டுந்தான் எப்பவும் அவரோட வருது. நாடி பாக்க மணிக்கட்டப் பிடிப்போம்ல, அப்ப கண்ணுல படணும்.

அப்பா, 9:15
காப்பு எல்லாம் வேணாம். ரப்பர் பால் வெட்டின கை இது. நோயாளின்னு போர்டு மாட்டிக்கிட்டு நான் ஊர்ல நடக்கணுமா

அத்தை, 9:17
அண்ணன் சொல்றதும் சரிதானே. போற இடமெல்லாம் என்ன வியாதி, என்ன மருந்துன்னு கேப்பாங்க. கல்யாண வீட்டுல நிம்மதியா உக்கார முடியாது.

அப்பா, 9:18
புல்லு மெஷின்ல வேற மாட்டும்

அக்கா, 9:25
மெஷின் விஷயம் நியாயம். லூசா தொங்கினாத்தான் மாட்டும், அளவெடுத்து போட்டா ஒண்ணும் ஆகாது. இல்லாட்டி கழுத்துச் சங்கிலியில தொங்கவிடலாம்.
ஆனா வார்ஃபரின் சும்மா இல்லப்பா. நீங்க மோட்டார்ல விழுந்து மண்டையில அடிபட்டா, வெளிய காயமே இல்லாம உள்ள ரத்தம் கசியலாம். அது தெரிஞ்சாத்தான் சீக்கிரமா சி.டி. ஸ்கேன், ரத்தம் உறையுற நேரம் பாக்குற ஐ.என்.ஆர்., வைட்டமின் கே ஊசின்னு போவாங்க. தெரியலேன்னா பிளாஸ்திரி ஒட்டி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

தம்பி, 9:40
இது எப்படி ஆரம்பிச்சதுன்னு தெரியுமா? கலிஃபோர்னியாவுல ஒரு டாக்டரோட மகளுக்கு 1953ல டெட்டனஸ் மருந்து ஒத்துக்காம உயிர் போற நிலமை. அப்புறம் அந்தப் பொண்ணுக்கு ஒவ்வாத மருந்தெல்லாம் பொறிச்சு வெள்ளியில ஒரு வளையல். அதுல இருந்துதான் 1956ல மெடிக்அலர்ட்னு இந்தக் காப்பு குடுக்கிற அமைப்பு வந்துச்சு.

அம்மா, 9:44
நீ அனுப்பின படத்துல பாம்பு ஏன் சுத்தியிருக்கு? நாகதோஷக் காப்பா?

தம்பி, 9:45
😂 அது வைத்தியத்துக்கு அடையாளம்மா.

அப்பா, 9:50
வேணாம்னா வேணாம். விடுங்க

(ரெண்டு மணி நேரம் குரூப்ல சத்தமே இல்ல. அத்தை ஒரு முருகன் படம் போட்டாங்க.)

நான், 12:06
அப்பா, இத உங்ககிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன். பக்சிக் சொன்னாரு. அவருக்கு முன்னாடி ரெண்டு பேரு மோட்டார்ல போயிருக்காங்க, நம்ம ஆளுங்கதான். நீங்க தலை தொங்கி நாக்குழறிப் பேசினதப் பாத்து, "கெழவனுக்கு இன்னைக்கு நல்லா ஏறிருச்சு, நெத்தியில திருநீறு வேற"ன்னு சிரிச்சுக்கிட்டே போயிட்டாங்களாம்.

அத்தை, 12:08
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அப்பா, 12:31
யாரு

நான், 12:32
தெரியாதுப்பா.

அப்பா, 12:33
நான் கள்ளுக்கடை வாசப்படி மிதிச்சதில்ல. கங்காணி வாங்கிக் குடுத்தப்பவே தொடல

அம்மா, 12:35
அது ஊருக்கே தெரியும்ங்க.

அப்பா, 12:36
ரோட்டுல போறவனுக்குத் தெரியலையே

மாமா, 12:41
மச்சான், சுகர் இறங்கினா பேச்சு குழறும், நடை தள்ளாடும், கோவம்கூட வரும். குடிச்ச மாதிரியேதான் இருக்கும். என் கூட வேல செஞ்சவன அப்படித்தான் லயத்துத் திண்ணையில படுக்க வெச்சுட்டு எல்லாரும் வேலைக்குப் போயிட்டோம். நானுந்தான்.

அப்பா, 14:10
அந்தக் காப்புல என்ன எழுதுவீங்க

அக்கா, 14:12
மூணே வரி. கென்சிங் மானிஸ் இன்சுலின். வார்ஃபரின். ஒரு போன் நம்பர். மலாய்லயே போடணும், ஆஸ்பத்திரி டிரஸரும் படிக்கணும், பக்சிக்கும் படிக்கணும்.
பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாம் வேணாம். எழுத்து பொடியாயிரும், மயங்கிக் கெடக்கும்போது அத வெச்சு யாரும் எதையும் மாத்தப் போறதில்ல. முழு மருந்து லிஸ்ட்ட சீட்டுல எழுதி ஐசிகூட வைக்கலாம், மாறினா சீட்ட மாத்திக்கலாம்.

அப்பா, 14:15
என் நம்பர் போடு

நான், 14:15
மயங்கிக் கெடக்கிறவருக்கே போன் அடிக்கவாப்பா? 😄 என் நம்பர் போடுறேன்.

அத்தை, 14:20
வெள்ளியில செய்யுங்க. ஈப்போ லிட்டில் இந்தியாவுல நல்லா செய்வாங்க, பாக்க நகை மாதிரி இருக்கும்.

அக்கா, 14:22
எவர்சில்வர் போதும் அத்தை, வெள்ளி கறுத்துரும். நகை மாதிரி இருந்தா யாரும் திருப்பிப் பாக்க மாட்டாங்க. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது மட்டும் கழட்டணும்.
எல்லாருக்கும் ஒண்ணு. நினைவு இருந்தா இனிப்புத் தண்ணி குடுங்க. நினைவு இல்லேன்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க, பொற ஏறிரும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு 999 அடிங்க.

*வியாழக்கிழமை*

நான், 17:48
சாவிக் கடையில பொறிச்சாச்சு, 15 ரிங்கிட். கடைக்காரப் பையன் மானிஸ்ல ஒரு எழுத்த விட்டுட்டான், திரும்ப செய்ய வெச்சேன். அப்பா கை போட்டோ இதோ.

தம்பி, 17:50
முருகன் கயிறும் காப்பும் ஒரே கையிலயா? சூப்பர்லா.

அப்பா, 18:05
கயிறு கழட்ட மாட்டேன். நாளைக்கு கோயிலுக்கு இதப் போட்டுக்கிட்டுப் போலாம்ல

அம்மா, 18:06
தாராளமா போங்க. சாப்பிட்டுட்டுப் போங்க.

அப்பா, 18:09
என்ன சமையல்