ஆர்.என்.ஏ சிமுலேஷனில் எப்போதும் ஒட்டுண்ணியே ஜெயிக்கிறது, உதவி தேவை

வேதிமாணவன்: வணக்கம். திங்கட்கிழமை காட்டியாக வேண்டும், அவசரம். உயிர் தோன்றுவதற்கு முந்தைய ஆர்.என்.ஏ கலவையை ஆட்டக் கோட்பாட்டில் எழுதியிருக்கிறேன். இரண்டு வகை: யாரையும் நகலெடுக்கும் உழைப்பாளி, தன்னை நகலெடுக்க மட்டும் விடும் ஒட்டுண்ணி. எப்படித் தொடங்கினாலும் உழைப்பாளி பூஜ்யத்துக்குப் போகிறது. கலவையைச் சிறு சிறு பைகளாக (தனித்தனி அறைகளாக)ப் பிரித்தும் பார்த்துவிட்டேன், அதே முடிவு. எங்கே தப்பு?

கணக்குப்புலி: பலன் அணி (யார் யாரைச் சந்தித்தால் எவ்வளவு நகல் என்ற அட்டவணை) எங்கே? கால இடைவெளி எவ்வளவு? பெரிய படி வைத்தால் விடை கோணலாகத்தான் வரும். பத்தில் ஒரு பங்காகக் குறையுங்கள்.

நெய்தல்: ஒரு பையில் எத்தனை மூலக்கூறு? சுற்று முடிந்ததும் எல்லாவற்றையும் கலக்கிறீர்களா, இல்லை பையே இரண்டாகிறதா?

வேதிமாணவன்: உழைப்பாளி உழைப்பாளியைச் சந்தித்தால் 1. ஒட்டுண்ணி உழைப்பாளியைச் சந்தித்தால் 2, நீளம் குறைவு என்பதால். மற்றவை 0. படியைக் குறைத்தும் மாறவில்லை.

பழையவர்: தம்பி, பேனாவும் தாளும் எடுத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. உழைப்பாளியின் பங்கு x என்றால் அதன் பலன் x, ஒட்டுண்ணியின் பலன் 2x. எந்த x-க்கும் இரண்டு மடங்கு. நிரலில் தப்பில்லை, நன்றாகக் கலந்த குழம்பில் இதுதான் நடக்கும். ஸ்பீகல்மேன் குழு 1967-இல் க்யூ-பீட்டா வைரஸின் ஆர்.என்.ஏ-வை 74 முறை குழாய்க்குக் குழாய் மாற்றியபோது, அது தன் நீளத்தில் 83 சதவீதத்தை உதறிவிட்டது. வேகமாக நகலாவது மட்டுமே போதும் என்றால் மூலக்கூறு இதைத்தான் செய்யும். முதலில் அடிப்படையைப் படியுங்கள்.

சுழல்: ஹைப்பர்சைக்கிள் போடுங்கள்! ஐகனும் ஷூஸ்டரும் 1977-இல் சொன்னது. முதலாவது இரண்டாவதை நகலெடுக்க உதவும், இரண்டாவது மூன்றாவதை, கடைசி முதலாவதை.

நெய்தல்: அந்த வட்டத்திலும் உதவி வாங்கிக்கொண்டு திருப்பித் தராத ஒருவன் நுழையலாமே. மேனார்டு ஸ்மித் 1979-இல் எழுப்பிய ஆட்சேபம் அதுதான்.

சுழல்: கலந்த குழம்பில் நுழையலாம். போர்லிஸ்டும் ஹோகவேகும் 1991-இல் அதையே கணினியில் ஒரு பரப்பில், பக்கத்தில் இருப்பவரோடு மட்டும் வினைபுரியும்படி வைத்து ஓட்டினார்கள். சுழல் அலைகள் உருவாகி ஒட்டுண்ணியை ஓரத்துக்குத் தள்ளின. இடத்தை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

கரிமம்: மன்னிக்கவும், ஸ்பீகல்மேன் சோதனையில் நகலெடுத்தது இன்றைய வைரஸின் புரத என்சைம். அதை வைத்து உயிரின் தோற்றம் பேசலாமா? வான் கீட்ரோவ்ஸ்கி 1986-இல் என்சைமே இல்லாமல் ஆறு எழுத்து டி.என்.ஏ தன்னைத் தானே நகலெடுப்பதைக் காட்டினார். அங்கே புது நகல் அச்சோடு (எதைப் பார்த்து நகலானதோ அந்த மூலக்கூறோடு) ஒட்டிக்கொள்வதால் வளர்ச்சி செறிவின் வர்க்கமூலத்தைத்தான் பின்தொடர்கிறது. அப்படிப்பட்ட வளர்ச்சியில் யாரும் யாரையும் முழுதாக விரட்ட முடியாது.

பழையவர்: 2016-இல் லேமன் குழு அசோஆர்கஸ் பாக்டீரியாவின் ரைபோசைம் (என்சைம் போல் வேலை செய்யும் ஆர்.என்.ஏ) துண்டுகளை வைத்து, அளந்த வினை வேகங்களையே ஆட்டத்தின் பலன்களாக எடுத்துக்கொண்டது. அங்கே புரதம் இல்லை.

கரிமம்: அசோஆர்கஸும் இன்றைய பாக்டீரியாதானே ஐயா!

பழையவர்: கேள்வி வினையின் தர்க்கம் பற்றியது, மூலக்கூறின் ஊர் பற்றியது அல்ல.

நெய்தல்: இது தனி இழைக்கு உரிய சண்டை. வேதிமாணவன், பையின் அளவை இன்னும் சொல்லவில்லை. இன்னொன்று: ஒவ்வொரு பையின் மொத்த விளைச்சலும் 1 ஆகும்படி வகுத்துவிடுகிறீர்களா? அப்படியென்றால் உழைப்பாளிகள் நிறைந்த பை கூடுதலாகத் தந்ததெல்லாம் அழிந்துபோகும். ஒட்டுண்ணி தன் பைக்குள் ஜெயித்தாலும் அந்தப் பை மொத்தத்தில் குறைவாகவே விளையும். ஷாட்மாரியும் டெமெட்டரும் 1987-இல் தந்த மாதிரியின் உயிரே இந்தப் பைகளுக்கு இடையிலான போட்டிதான். பையில் ஆட்களும் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் தற்செயலாகச் சில பைகளில் ஒட்டுண்ணியே இருக்காது.

கணக்குப்புலி: படியையும் மறக்காதீர்கள்.

வேதிமாணவன்: பைக்கு 100 வைத்திருந்தேன், வகுத்தும் இருந்தேன். இப்போது 5, வகுக்காமல், சுற்றுக்கு ஒருமுறை கலக்கிறேன். இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன. நன்றி நெய்தல்.

சுழல்: பரப்பிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்!